இடித்த பிறகு எங்கே போவது?

பாலாற்றுக்குத் தெற்கே கத்தரி போட்டிருக்கும் விவசாயி அவர். பறிப்பு நாட்களில் விடியற்காலை நாலரைக்கே 'குட்டி யானை'யில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெரிய காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். போன தை மாதம் ஒரு நாள் தாமதமாகிவிட்டது. ஆறு மணிக்கு மேல் போனால் விலை இறங்கிவிடும் என்ற அவசரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம் குறுக்குத் தெருவில் வண்டியைத் திருப்பினார்.

நெசவாளர் தெருவில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அரையிருட்டில் பாவு தெரியவில்லை. கிட்டத்தில் தெரிந்ததும் வண்டியை ஒடித்தார். பாவு தப்பியது. அதன் முனையில் நின்ற பெரியவர் தப்பவில்லை.

"வண்டிய எடுங்க மாமா, நின்னா அடிச்சே போட்டுருவாங்க" என்றான் பக்கத்தில் இருந்த மச்சான் மகன். அவர் எடுத்துவிட்டார்.

அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டார். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில், கை நடுங்கி வண்டியை ஓரம் கட்டினார். 108-க்குப் போன் செய்து இடத்தைச் சொன்னார். பிறகு நேராகக் காவல் நிலையம். கத்தரிக்காய் வண்டியிலேயே வாடியது.

அவர் அறியாமல் செய்த இந்த இரண்டு காரியங்களும்தான் சட்டம் கேட்பவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 134-வது பிரிவு, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஓட்டுநர் முடிந்ததைச் செய்ய வேண்டும் என்கிறது. கூட்டத்தின் கோபத்தால் அங்கே நிற்க முடியாது என்றால் அதற்கும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஆனால் அப்படி விலகியவர், பக்கத்துக் காவல் நிலையத்துக்கு இயன்றவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போய், ஏன் உதவி செய்ய முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வண்டியை வேறு யாராவது ஓட்டியிருந்தால், போலீஸ் கேட்கும்போது ஓட்டியவர் யார் என்று சொல்வது உரிமையாளரின் கடமை. இதையெல்லாம் செய்யாவிட்டால் 187-வது பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு அந்த அபராதம் வெறும் 500 ரூபாய்!

2024 ஜனவரியில் வடக்கே லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கலாம். உயிரிழப்பு நேர்ந்து, தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னதுதான் காரணம். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதனால் ஓடினால் ஒன்றுமில்லை என்று டீக்கடையில் பேசுவது தவறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்ற 106(1) நடைமுறையில் இருக்கிறது.

பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசமாகவே நடந்தது. அதன் பிறகுதான் கஷ்டம். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கக் கால் வேண்டும். மிதிக்காவிட்டால் கூலி இல்லை. வண்டி எதுவென்றே தெரியாமல் போயிருந்தால், அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைப்பது 50,000 ரூபாய் மட்டுமே. இறந்திருந்தால் 2 லட்சம். 2022 ஏப்ரலுக்கு முன்பு இவை 12,500, 25,000 என்று இருந்தன. வண்டி தெரிந்ததால், வருமான இழப்பையும் கணக்கிட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்க முடிகிறது. கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி.

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம். உழவுக்கு மட்டும்தானே என்று டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் புதுப்பிக்காமல் விடுவது, உரிமம் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுப்பது, இவை இரண்டும் நிலத்தை விற்க வைக்கும் காரியங்கள். உரிமம் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இவருடைய பாலிசி முடிய 11 நாள் பாக்கி இருந்தது.

கவனக்குறைவாக ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்த வழக்கு அவர் மேல் நடக்கிறது. 187 அதில் சேரவில்லை. இரண்டு வாய்தா முடிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது பெரியவரின் மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவர் மட்டும், "பாவு அறுந்துச்சா?" என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இப்போது மார்க்கெட்டுக்குப் பெரிய சாலையில் சுற்றித்தான் போகிறார்; கிளம்புவது நாலு மணிக்கு.