அழைத்து வந்தவர்: வழிப்போக்கர்

விபத்தில் அடிபட்டு வருபவர்களுக்காக அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். என்று ஒரு பதிவேடு இருக்கும். அதில் "அழைத்து வந்தவர்" என்று ஒரு கட்டம். மனைவி, தம்பி, 108 பணியாளர் என்று எழுதுவோம். சில நாள் "வழிப்போக்கர்" என்று எழுத வேண்டி வரும்.

இந்தப் பதிவு அந்த வழிப்போக்கர்களைப் பற்றி.

ஒருமுறை தொடையில் ஆழமான வெட்டுக்காயத்தோடு ஒரு பையனை ஷேர் ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். கூட வந்தவர் வண்டியில் மீன் விற்பவர். தலைத்துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, வழி நெடுக கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார்.

நம் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலே பிரஷர் இறங்க ஆரம்பிக்கும். அந்தப் பையனைப் பிழைக்க வைத்ததில் எங்களுக்கு முன்னாடி அந்தத் துண்டுக்குப் பங்கு உண்டு.

பேர் கேட்டேன். "பேரு எதுக்கு சார்? போலீஸ் கேசுன்னு அலைய முடியாது. மீன் வேற ரோட்டோரத்துல அப்படியே கிடக்கு" என்று கிளம்பிவிட்டார்.

அவர் யாரைக் கும்பிடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பையன் என்ன சாதி, என்ன மதம் என்று அவருக்கும் தெரியாது.

நான் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவன். எங்கள் இறையியலில் "பொதுவான கிருபை" என்று ஒரு சொல் உண்டு. வெயிலும் மழையும் ஆள் பார்த்து வருவதில்லை அல்லவா? அதுபோல, நம்பாதவர், வேறு சாமி கும்பிடுகிறவர் என்று பார்க்காமல் எல்லார் மனசிலும் கடவுள் போட்டு வைத்திருக்கிற நல்லது அது.

"இதுக்கு எதுக்கு கடவுள்? மனிதாபிமானம்னு சொல்லிட்டுப் போங்க டாக்டர்" என்பார் என் நண்பர். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் எனக்கு ஒரு வேலை செய்கிறது. 'நம்ம ஆளுங்கதான் நல்லவங்க' என்கிற நினைப்பை வளர விடுவதில்லை. இயேசு சொன்ன கதையிலும் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள் குருவும் லேவியரும். நின்று தூக்கியவர், அந்த ஊர்க்காரர்கள் மதிக்காத ஒரு சமாரியர்.

நம் நாட்டுச் சட்டத்திலேயே அவர் பெயர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு "நல்ல சமாரியர்" பற்றியது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்:

👉 நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவருக்கு என்ன ஆனாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது.

👉 பேர், விலாசம் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

👉 சேர்த்துவிட்டு நீங்கள் கிளம்பலாம். மருத்துவமனை உங்களைப் பிடித்து வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108க்கு அடியுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்து, முதுகில் அடி இருக்கும் என்று தோன்றினால் அசைக்காதீர்கள்.

மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.