100 சதவீதத்தில் பார்த்தால்...

ஒருவர் மாலை மங்கும் நேரத்தில், மழை விட்ட தெருவைப் படம் எடுக்கிறார். தேங்கிய தண்ணீரில் கடை விளக்குகள், நடுவில் குடையை மடக்கிக்கொண்டு நடக்கும் ஒரு பெரியவர். வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "காலண்டரில் போடலாம்" என்கிறார்கள். அவரும் ஆசையாக அதை ஒரு ஸ்டாக் போட்டோ தளத்துக்கு, அதாவது படங்களைச் சேர்த்துவைத்து பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் விற்கிற தளத்துக்கு, அனுப்பிவைக்கிறார். சில நாள் கழித்துப் பதில் வருகிறது. நிராகரிக்கப்பட்டது, காரணம்: நாய்ஸ். ஒரே வரி. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது.

கோபம் வரத்தான் செய்யும். கோட்டு சூட்டு போட்டுக் கை குலுக்குகிறவர்களும், வெள்ளைப் பின்னணியில் ஒற்றை ஆப்பிளும் அதே தளத்தில் கொட்டிக் கிடக்கின்றன. இது மட்டும் ஆகாதாம்! புதிதாக அனுப்புகிறவர்கள் பலர் இந்த இடத்தில் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் கடன் வாங்கியாவது புதுக் கேமரா வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால், அந்த ஒற்றை வரியை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையில் அவர் பார்த்தது வேறு படம். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000க்கு 4000 புள்ளிகள். வீட்டுக் கணினித் திரையில் இருப்பதோ பெரும்பாலும் 1920க்கு 1080. முழுப்படமும் திரைக்குள் அடங்க வேண்டுமானால் ஏறக்குறைய 14 புள்ளிகளைக் கலந்து ஒரு புள்ளியாக்கிக் காட்ட வேண்டும். இப்படிக் கலக்கும்போது பொடிப்பொடியான நாய்ஸ் தன்னாலே அமுங்கிவிடும். லேசான ஃபோகஸ் பிசகும் மறைந்துவிடும். கைபேசியில் கேட்கவே வேண்டாம், எல்லாப் படமும் அழகுதான். தளத்தில் தேர்வு செய்கிறவரோ படத்தை 100 சதவீதத்தில், அதாவது கேமராவின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி என்ற அளவில் திறக்கிறார். அவருக்குத் தெரிவது தெரு அல்ல. பெரியவரின் சட்டைக் காலரும் அதைச் சுற்றிய இருட்டும்தான். அந்த இருட்டில் சிவப்பும் பச்சையுமாக மணல் தூவியது போல இருக்கிறது.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது? கேமராவின் கோளாறு என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஒளியே துளித்துளியாகத்தான் வந்து விழுகிறது, மழை மாதிரி. ஒரே அளவு வாளிகளை வெளியில் வைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது அல்லவா? சென்சாரின் ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவுக்கு இருக்கும், அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். வெளிச்சம் குறையக் குறைய மணல் கூடுவது இதனால்தான். ஐ.எஸ்.ஓ எண்ணை ஏற்றினால் கூடுதல் ஒளி வராது. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டும், மணலையும் சேர்த்து. சென்சார் சிறியதானால் இன்னும் மோசம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 36க்கு 24 மி.மீ. பழைய பாக்கெட் கேமராக்களில் இருந்தது அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்.

இதில் வேதனை என்னவென்றால், படம் எடுக்கத் தோன்றும் நேரமும் கேமரா தடுமாறும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. உச்சி வெயிலில் எடுத்த மதில் சுவர் நாய்ஸ் இல்லாமல் தேறிவிடும். அதை யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

நிராகரித்ததும் எல்லோரும் செய்வது ஃபோட்டோஷாப்பில் மருந்து போடுவது. நாய்ஸை நீக்கினால் பெரியவரின் தோல் மெழுகு பொம்மை போல ஆகிறது. அதைச் சரிக்கட்ட ஷார்ப்னெஸ் ஏற்றினால் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு. இருட்டை வெளுக்க வைத்தால் அதில் ஒளிந்திருந்த மணல் எல்லாம் வெளியே வருகிறது. ஜேபெக்கில் எடுத்திருந்தால் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். ரா கோப்பில் 4096 அல்லது 16,384 படிகள் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். இரண்டாவது தடவை வரும் பதிலில் காரணம் மாறியிருக்கும்: "அதிகமாகத் திருத்தப்பட்டுள்ளது."

மற்ற காரணங்கள் இவ்வளவு மனசைப் படுத்துவதில்லை. சென்சாரில் ஒட்டிய தூசி நீல வானத்தில் சாம்பல் பொட்டாகத் தெரியும். ஊதித் தள்ளலாம், அல்லது கணினியில் அழிக்கலாம். கிளைகளின் ஓரத்தில் வரும் ஊதா நிறத்தை மென்பொருளே எடுத்துவிடும். ஒன்று மட்டும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லாம் தெளிவாக வரட்டும் என்று அபர்ச்சரை எஃப் 22 வரை சுருக்குகிறார்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி வளைந்து பரவி, ஒரு புள்ளி 30 மைக்ரான் அகல வட்டமாகிவிடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரின் ஒரு பிக்சல் 4 மைக்ரான்தான்! தெளிவுக்காகச் செய்ததே மங்கலாக்கிவிடுகிறது.

இவ்வளவு கறார் எதற்கு? வாங்கப்போகிறவர் யாரென்று தளத்துக்குத் தெரியாது. அவர் படத்தை விரல் நுனி அளவு போடலாம், சுவர் அளவு அச்சடிக்கலாம். எதற்கும் தாங்குகிற சரக்காக வேண்டும் என்பது கடைக்காரர் நியாயம். 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக், அந்த ஆண்டுகளில் முதல் 10 படங்களில் 7 தேறினால்தான் ஆளையே சேர்த்துக்கொண்டது. 1999இல் பிரிட்டனில் தொடங்கிய அலாமியில் நீண்டகாலம் இருந்த வழக்கம் இன்னும் கடுமை: சேர்த்து அனுப்பியதில் ஒரு படம் தோற்றால் மொத்தக் கட்டும் தோற்றது. இத்தனைக்கும் வருகிற காசு பெரிதல்ல. ஷட்டர்ஸ்டாக்கில் 2020இல் விகித முறை வந்தபோது, ஒரு பதிவிறக்கத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட் என்று வைத்தார்கள். பத்து சென்டுக்கு இந்தப் பாடா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

ராபர்ட் காப்பா 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் எடுத்த படங்கள் கலங்கித்தான் இருக்கின்றன. தன் போர் நினைவுகளுக்கே 'கொஞ்சம் ஃபோகஸ் தவறியது' என்ற பொருளில் அவர் பெயர் வைத்தார். செய்திப் படத்துக்கு அந்தச் சலுகை உண்டு. சம்பவம் திரும்ப நடக்காது. சோப்பு விளம்பரத்துக்கு வாங்குகிறவர் ஏன் சலுகை தர வேண்டும்?

மழைத் தெருவுக்கே வருவோம். மறுநாள் ட்ரைபாடோடு போய் ஐ.எஸ்.ஓ 100இல் வைத்தால் மணல் இருக்காது. ஆனால் ஷட்டர் ஒரு வினாடி திறந்திருக்கும். நடக்கிற பெரியவர் புகை போலத்தான் வருவார். அவர் வருவாரா என்பதே சந்தேகம். (முகம் அடையாளம் தெரிந்தால், விளம்பரத்துக்கு விற்க அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். அது தனிக்கதை.) ஆக, கையில் இருக்கும் படத்தைத்தான் காப்பாற்றியாக வேண்டும். திருத்திய கோப்பைத் தூர எறிந்துவிட்டு, பழைய ரா கோப்பை மறுபடி திறந்து, இருட்டை இருட்டாகவே விட்டு, 6000க்கு 4000ஐ 3000க்கு 2000 ஆகச் சுருக்கினால், நான்கு புள்ளி ஒன்றாகி மணல் பாதியாகிறது. 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டும் கேட்கும் குறைந்த அளவு 4 மெகாபிக்சல்தான். அனுப்பும் முன் 100 சதவீதத்தில் ஒருமுறை, காலரிலிருந்து மூலை வரை, அவரே பார்த்துவிடலாம்.