உறங்க மறுக்கும் கணினி, விழிக்க மறுக்கும் கணினி

2025 அக்டோபர் 14, செவ்வாய், இரவு

விண்டோஸ் இயங்குதளத்துக்கான மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அக்டோபர் மாதத்துக் காலை பத்து மணி என்பது கள்ளக்குறிச்சியில் இரவு பத்தரை. ஆகவே இங்குள்ள கணினிகளுக்கு அது பெரும்பாலும் புதன், வியாழனில்தான் வந்து சேர்கிறது. கல்வராயன் மலையில் செல்பேசி சிக்னலை வைத்தே இணையம் பார்க்கும் வீடுகளில் இன்னும் தாமதமாகும். பழுதுக்குக் காரணம் தேடுபவர் அப்டேட் வெளியான தேதியை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. செட்டிங்ஸில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ பக்கத்தைத் திறந்தால், அந்தக் கணினியில் எது எந்த நாளில் நிறுவப்பட்டது என்பது தெரியும். ஸ்லீப் கோளாறு அந்த நாளுக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்பதே முதலில் முடிவாக வேண்டியது.

இன்று வெளியானது விண்டோஸ் 10-க்கான கடைசி வழக்கமான இலவச அப்டேட். தமிழ்நாட்டில் இதன் தாக்கம் பெரிது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை பதிவு செய்து பெறலாம். ஆனால் அவை பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை மட்டுமே. விண்டோஸ் 10-இல் இப்போதுள்ள ஸ்லீப் கோளாறு அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் இனிப் பயனில்லை.

அக்டோபர் 15, புதன்

‘அப்டேட்டுக்கு அப்புறம் ஸ்லீப் சரியில்லை’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, கணினி தூக்கநிலைக்கே போவதில்லை. மற்றொன்று, போகிறது, ஆனால் யாரும் தொடாமல் தானே விழித்துக்கொள்கிறது. மூன்றாவது, தூங்கியது எழுவதில்லை. விசிறி சுற்றும், விளக்கு எரியும், டிஸ்பிளே வராது. இவற்றின் காரணங்கள் வேறு, சோதிக்கும் வழிகளும் வேறு. கடையில் மூன்றுக்கும் ஒரே பதில் கிடைப்பதுதான் வருத்தம்: ‘ஃபார்மட் அடிச்சிடலாம்.’ சான்றிதழ்கள், செய்முறை ஏடுகள், கல்லூரி விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில் இருக்கும் வீட்டுக்கு அது சிறிய இழப்பல்ல.

எதையும் மாற்றுவதற்கு முன் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். ‘ஷட் டவுன்’ கொடுத்து மீண்டும் ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு வந்துவிட்டது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால் இயங்குதளத்தின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்படும், மறுநாள் அதே நிலை திரும்ப ஏற்றப்படும். அப்டேட் பாதி மாற்றிய டிரைவர் அப்படியே தொடரும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. கணிசமான கோளாறுகள் இத்தோடு தீர்ந்துவிடும்.

அக்டோபர் 16, வியாழன்

கணினியின் தூக்கத்துக்கு விதி வகுத்தது ஏசிபிஐ என்ற பொதுத் தரம். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996 டிசம்பரில் அதை வெளியிட்டன. அதன்படி எஸ்3 என்பது வழக்கமான தூக்கம்: பிராசஸர் அணையும், ரேம் நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். எஸ்4 என்பது ஹைபர்னேட்: நினைவகத்தில் உள்ளது முழுவதும் வட்டில் எழுதப்பட்டு மின்சாரம் நின்றுவிடும். இவற்றோடு பின்னாளில் ‘மாடர்ன் ஸ்டேண்ட்பை’ சேர்ந்தது. அதில் திரை அணைந்தாலும் இயங்குதளம் உள்ளே மெல்ல ஓடிக்கொண்டிருக்கும், செல்பேசி பையில் கிடப்பதைப் போல. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 அடியோடு இல்லை.

எந்தக் கணினிக்கு எது வாய்த்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை சாய்கோடு, ‘ஏ’ எழுத்துடன் இட்டால், கிடைக்கும் தூக்க வகைகளும் கிடைக்காதவையும் காரணத்தோடு பட்டியலாக வரும். அப்டேட்டுக்கு முன் இருந்த வகை இப்போது ‘கிடைக்காது’ பகுதிக்குப் போயிருந்தால் பழுதின் பாதி தெரிந்துவிட்டது. டிஸ்பிளே டிரைவர் கழன்று, அந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்பிளே டிரைவர் உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஆவதுண்டு.

அப்டேட் தூக்கத்தைக் குலைப்பதற்குக் காரணம் ஏசிபிஐ விதிகளில் இல்லை. தூங்கும்போது கிராஃபிக்ஸ், வைஃபை, ஒலி, சிப்செட் என ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தை ஒழுங்காக நிறுத்த வேண்டும், எழும்போது அதே ஒழுங்கில் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு டிரைவர் தவறினாலும் முழு ஏற்பாடும் நின்றுவிடும். அப்டேட் இந்த டிரைவர்களையும் மாற்றுவதுண்டு. சில வேளை பவர் பிளான் அமைப்புகளையும் பழையபடி இயல்புநிலைக்குத் தள்ளிவிடுகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

தூக்கநிலைக்கே போகாத கணினிக்குக் கேள்வி ஒன்றுதான்: தடுப்பது எது? அதே பவர்சிஎஃப்ஜி கட்டளையை ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற சொல்லுடன் இட்டால் பதில் பெயரோடு வரும். டிஸ்பிளே, சிஸ்டம், எக்ஸிக்யூஷன் முதலிய தலைப்புகளின் கீழ், தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நிரலோ டிரைவரோ எழுதியிருக்கும். ஒலி டிரைவர் அடிக்கடி தென்படும். பிரவுசரில் மறந்துபோன ஒரு காணொலிப் பக்கம் ஒலியைத் திறந்து வைத்திருக்கலாம். எல்லாத் தலைப்புகளிலும் ‘இல்லை’ என்று வந்தால் பவர் பிளானில் ஸ்லீப் நேரம் ‘நெவர்’ என மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 18, சனி

தானே விழிக்கும் கணினி மலைப்பாதையில் எளிதில் அகப்பட்டுக்கொள்கிறது. கள்ளக்குறிச்சியில் மூடியை மூடிப் பைக்குள் வைத்த மடிக்கணினி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணைப்பக்கம் மலையேறி வெள்ளிமலை சேர்வதற்குள் பைக்குள்ளேயே விழித்திருந்து சூடேறியிருக்கும், சார்ஜும் இறங்கியிருக்கும். மாடர்ன் ஸ்டேண்ட்பை உள்ள கணினிகளில் இந்தப் புகார் அதிகம். அவற்றுக்கென்றே ‘ஸ்லீப் ஸ்டடி’ என்ற அறிக்கை இருக்கிறது. பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு அந்தப் பெயரைச் சேர்த்து இட்டால், கடந்த சில நாட்களின் ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போனது, எந்தச் சாதனம் விழித்திருந்தது என்பது பிரவுசரில் திறக்கும் பக்கமாகக் கிடைக்கும்.

எஸ்3 கணினிகளுக்கு ‘லாஸ்ட்வேக்’ என்ற சொல் பயன்படும். கடைசியாக எழுப்பியது எது என்று அது காட்டும். விழித்த நேரத்தை ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியிலும் பார்க்கலாம். ‘பவர் டிரபிள்ஷூட்டர்’ என்ற மூலத்தின் 1-ஆம் எண் பதிவில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், எழுப்பிய மூலம் மூன்றும் சேர்ந்தே இருக்கும். கிடைக்கும் விடைகள் மிகச் சில. நெட்வொர்க் கார்டு என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கணினியை எழுப்பும் அனுமதியை நீக்கிவிடலாம். மேசை அதிர்ந்ததும் விழிப்பது மவுஸின் வேலை. அதற்கும் அதே இடம்தான்.

நள்ளிரவில் தினமும் ஒரே நேரத்தில் விழித்தால் அது வேக் டைமர். பெரும்பாலும் அப்டேட்டை நிறுவுவதற்காக அப்டேட் சேவையே வைத்துக்கொண்ட அலாரமாக இருக்கும். பவர் பிளானின் மேம்பட்ட அமைப்புகளில் வேக் டைமர்களை அணைத்துவிட்டால் அது ஓயும்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழ மறுக்கும் கணினியிடம் முதல் சோதனை கேப்ஸ்லாக். அந்த விசையை அழுத்தும்போது விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே கணினி விழித்துவிட்டது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை என்று பொருள். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தபடி ‘பி’ (B) விசையை அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருந்த கோப்பு எதுவும் போகாது. இ-சேவை மையத்தில் பாதி நிரப்பிய விண்ணப்பத்தோடு கணினி கறுத்து நிற்கும்போது இந்த நான்கு விசைகள் அரை மணி நேர உழைப்பைக் காப்பாற்றும்.

கேப்ஸ்லாக்கும் அசையவில்லை என்றால் பவர் பொத்தானை நீள அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை. மீண்டும் தொடங்கிய பின் ஈவென்ட் வியூவரில் ‘கர்னல் பவர்’ 41 என்ற பதிவு இருக்கும். பலர் இதையே பழுது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முறைப்படி அணையாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அதற்குச் சற்று முந்தைய வரிகளே படிக்க வேண்டியவை.

டிரைவர்தான் காரணம் என்று தோன்றினால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ கொடுத்து முந்தையதற்குத் திரும்பலாம். அது மங்கலாக இருந்தால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென்று வைத்திருக்கும் டிரைவரை இறக்க வேண்டும். மாதாந்திர அப்டேட்டை அப்டேட் ஹிஸ்டரி வழியே தனியாக நீக்கலாம். விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால் பழையதற்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பின் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். கடைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கும் மலைவாசிகள் இந்தக் கெடுவை மறந்துவிடக் கூடாது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

14-ஆம் தேதி வந்த அப்டேட் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் வேறொரு கோளாறைக் கொண்டுவந்திருந்தது. பழுது நீக்குவதற்கான ரெகவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் இயங்கவில்லை. அதைச் சரிசெய்யும் அவசர அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இன்று வெளியிட்டது. ஆக, ஓர் அப்டேட் கெடுத்ததை அடுத்தது திருத்துவதும் உண்டு. வேலை நிற்காத அளவுக்கான சிறு கோளாறு என்றால் இரண்டொரு வாரம் பொறுத்திருப்பதும் முறையான சிகிச்சையே.

அக்டோபர் 21, செவ்வாய்

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. லினக்ஸில் அப்டேட்டுக்குப் பின் தூக்கம் கெட்டால் சோதனை எளிது. தொடக்கத் திரையில் மேம்பட்ட விருப்பங்களுக்குப் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் சரியாகத் தூங்கி எழுந்தால் குற்றம் புதிய கர்னலில். அடுத்த கர்னல் வரும்வரை பழையதிலேயே இருக்கலாம். ஒரு கணினியில் இரண்டு இயங்குதளமும் இருந்தால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தே தீர வேண்டும். பாதி உறங்கும் விண்டோஸின் வட்டுப்பகுதியில் லினக்ஸ் எழுத முற்பட்டால் கோப்புகள் கெடும்.

அக்டோபர் 22, புதன்

மழைக்காலத்தில் மின்தடை அடிக்கடி வரும் ஊர்களுக்கும், பேட்டரி செத்துப்போய் சார்ஜர் மட்டுமே துணையான பழைய மடிக்கணினிகளுக்கும் ஸ்லீப் சரியான ஏற்பாடே அல்ல. கரண்ட் போன கணமே ரேமில் இருந்தது போய்விடும். ஹைபர்னேட்டில் அந்த அபாயம் இல்லை. எழுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் வட்டில் 3 ஜிபிக்கு மேல் இடமும் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல் பேனலில் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி அமைத்துவிட்டால் பைக்குள் சூடேறும் தொல்லையும் அதோடு போகும். பள்ளியிலும் இ-சேவை மையங்களிலும் உள்ள மேசைக் கணினிகளுக்கு ‘ஹைபிரிட் ஸ்லீப்’ பொருத்தம். அது ரேமிலும் வட்டிலும் ஒருசேர வைத்துவிட்டுத் தூங்கும்.

இத்தனைக்கும் பிறகு எழாத கணினியில் பயாஸ் அப்டேட் செய்து பார்க்கலாம். சார்ஜர் இணைத்து, மழையும் மின்னலும் இல்லாத வேளையில், வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் ரெகவரி எண்ணை எழுதி வைத்துக்கொண்டே அதைத் தொட வேண்டும். அதுவும் பயன்படாதபோதுதான் கள்ளக்குறிச்சிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது மூன்று கோளாறுகளில் எது, எந்தத் தேதியில் தொடங்கியது, அந்தத் தேதியில் எது நிறுவப்பட்டது, கட்டளைகள் காட்டிய பெயர் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், கடைக்காரர் ஃபார்மட்டில் தொடங்காமல் அந்த டிரைவரில் தொடங்குவார்.