சுரண்டிட்டேன் என்று சொன்னேன்

என் புல்லட்டில் பேட்டரி சார்ஜ் நிற்காமல் போனதற்குக் காரணம் நான்தான். பழியைச் சுமந்தவர் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சுமக்க வைத்ததும் நான்தான்.

வண்டி 1990களின் நடுவில் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த 350. பாயிண்ட், கண்டென்சர் வைத்த பழைய மாடல். இதில் ஸ்பார்க்குக்கே பேட்டரி கரண்ட் வேண்டும். பேட்டரி இறங்கினால் ஹாரன் கம்முவதோடு தொல்லை முடியாது, எஞ்சினே கிளம்பாது. வாங்கிய சில வருடங்களில் ஒயரிங் முழுக்க இற்றுப்போய்விட, அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் புது ஒயரிங் இழுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, டேங்குக்கு அடியில் ஓடும் ஒயர் ஹேண்டில் திரும்பும்போது இழுபடாமல் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டியிருந்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

அதன் பிறகு எனக்கு வண்டியைப் புதுசாக்கும் ஆசை வந்தது. எல்லாவற்றையும் கழற்றி ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். திரும்பப் பூட்டியது நானே, வீட்டு வாசலில் உட்கார்ந்து. பவுடர் கோட்டிங் என்பது ஏறக்குறைய 180, 200 டிகிரி சூட்டில் உருகிப் படியும் பிளாஸ்டிக் தோல். பார்க்க அழகு, துருவுக்கு எதிரி, கரண்டுக்கும் எதிரி. பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் ஃப்ரேமில் ஏறும் இடத்தில் அந்தத் தோலை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டிவிட்டுத்தான் போல்ட்டை முடுக்க வேண்டும். எனக்கு இது தெரியும். புதுப் பெயின்ட்டில் உப்புத்தாளை வைக்க மனசு வரவில்லை. அப்படியே முடுக்கிவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. ஐடிலில் ஹெட்லைட் மங்கும், முறுக்கினால் பளிச்சென்று எரியும். இரவில் இண்டிகேட்டர் போட்டால் மினுக்காமல் அப்படியே நிற்கும். ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்ப் மீட்டர் இருக்கிறதே, கிளப்பியவுடன் அதன் முள் பிளஸ் பக்கம் நன்றாகச் சாய்ந்து, பேட்டரி நிறைய நிறைய நடுவுக்குத் திரும்ப வேண்டும். என் வண்டியில் அது நடுவை விட்டு நகரவே இல்லை. நான் பேட்டரியை மாற்றினேன். புது பேட்டரியும் அதே கதி.

அண்ணனிடம் கொண்டுபோனேன். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “பெயின்ட் அடிச்சிருக்கீங்களே சார், எர்த் போல்ட் இருக்கிற இடத்தைச் சுரண்டிட்டுத்தானே முடுக்குனீங்க?”

“சுரண்டிட்டேன்ணே.”

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். இல்லை என்று சொல்லியிருந்தால் ஸ்பேனரும் உப்புத்தாளுமாக அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் வட்டத்தில் புல்லட் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அடிப்படையைக் கோட்டை விட்டவன் என்று அவர் முன்னால் நிற்க நான் தயாராக இல்லை.

என் சொல்லை நம்பி எர்த்தை விட்டுவிட்டு அவர் மற்ற இடங்களில் தேடினார். இடது பக்கச் செயின் கவரைத் திறந்து, ஆயிலை வடித்து, ஆல்டர்னேட்டர் காயிலைச் சோதித்தார். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ஆனில் விட்டுவிடுகிறேனோ என்று கேட்டார். அப்படி விட்டால் இக்னிஷன் காயில் சும்மாவே மூன்று நான்கு ஆம்பியர் குடித்துவிடும். ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலும் பேட்டரி முனையில் 12.8 வோல்ட்டைத் தாண்டவில்லை. பதினாலை ஒட்டி வர வேண்டிய இடம் அது. பகல் முழுக்கக் குனிந்தே இருந்தார். சாயங்காலம் பாதிக் கூலியைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். “அவர் இழுத்த ஒயரிங்லதான் கோளாறு” என்று டீக்கடையில் சொன்னேன். ஆபீஸிலும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு, உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் தன் வண்டியின் ஒயரிங் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ஒரு ராத்திரி மல்டிமீட்டரை 20 டி.சி.யில் வைத்து உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடுகிறது. ரெகுலேட்டர் அவுட்புட்டுக்கும் எஞ்சினின் வெறும் அலுமினியத்துக்கும் நடுவே 14.2. பேட்டரி முனைகளில் 12.8. மிச்சம் எங்கே போகிறது என்று ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்தேன். ஒரே எர்த்துதானே, அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 1.4 காட்டியது. போல்ட்டைக் கழற்றினேன். ஒயர் முனையின் வளையம் உட்கார்ந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது, வட்டமாக ஒரு தடம் மட்டும் பதிந்து. போல்ட்டின் மரை வழியாகத் தொட்டும் தொடாமலும்தான் இத்தனை நாள் கரண்ட் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. சுரண்டி, வாஸலின் தடவி, முடுக்கினேன். பேட்டரியில் 14.1 ஏறியது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டவர்களிடம் “நானே சரி பண்ணிட்டேன்” என்றேன். பொய் சொன்னதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். அவருக்கு வந்த கெட்ட பெயரிலிருந்து நான் ஒரு பாராட்டையும் எடுத்துக்கொண்டேன்.

அவரே மீட்டர் வைத்து எர்த்தைப் பார்த்திருக்கலாமே என்று எனக்குள் வாதாடியதும் உண்டு. வாதம் நிற்காது. எஞ்சினில் கோளாறு என்றால் சத்தம் காட்டிக்கொடுக்கும், ஆயில் கசிந்து காட்டிக்கொடுக்கும். கரண்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. பழைய வண்டியில் ஒயரிங் பழுது தேடுபவர் எங்கே கை வைத்தார்கள், எதைக் கழற்றினார்கள் என்று வண்டிக்காரர் சொல்வதை வைத்துத்தான் வழி பிடிக்கிறார். அந்த வழியை நான் அடைத்தேன்.

போன வாரம் ஆபீஸ் நண்பரிடம் முழுவதையும் சொன்னேன். “அப்பவே ஏன் சொல்லலை?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய மீதிக் கூலியும், அவர் கைக்காசில் வாங்கிப் போட்ட ரெகுலேட்டரின் விலையும் எடுத்து வைத்திருக்கிறேன். கடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை திறந்திருக்கும். பணத்தை நீட்டுவதற்கு முன்னால் அந்த போல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் யார் இருந்தாலும் சொல்ல வேண்டும். அதன் பிறகு டீக்கடைக்கும் போய்ச் சொல்ல வேண்டும்.