சக்கையில் இன்னும் இனிப்பு

அம்மா பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தாத்தா சம்பள நாளில் சம்சு குடித்துவிட்டு வருவாராம். பாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாராம், அவர் தூங்கும்வரை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை, ஈரல் போய் இறந்துவிட்டார். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று என்று பல்கலைக்கழக நூலகத்தில் படித்தபோது எனக்கு அது வரலாறாகவே தெரியவில்லை. அம்மா பேசுவது மாதிரி இருந்தது.

அவருடைய சமையலறையில்தான் நான் பீர் காய்ச்சுகிறேன். "சிங்கப்பூர்ல சட்டப்படி சரிம்மா. வீட்டுக்கு மாசம் 30 லிட்டர், விக்கத்தான் கூடாது" என்றேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்கத் தொலைக்காட்சியின் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

வேலையில் நான் பார்ப்பதும் யீல்ட்தான், அதாவது போட்டதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. அந்தப் புத்தி வீட்டிலும் விடவில்லை. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை உடைத்து 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலிருக்கும் என்சைம்களே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். இதுதான் மாஷ். நாலு கிலோ மால்ட்டிலிருந்து அதிகபட்சம் சுமார் 1200 புள்ளி எடுக்கலாம். எனக்குக் கொதிக்கவைக்கும் முன் கிடைத்தது 24 லிட்டர், ஹைட்ரோமீட்டரில் 1.030. இருபத்து நாலை முப்பதால் பெருக்கினால் 720. அறுபது விழுக்காடு. இந்த மதிப்பெண்ணுக்கு எங்கள் பேராசிரியர் சிரிக்கவே மாட்டார்.

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். அது 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. நம் வீட்டில் தண்ணீர்கூட 30 டிகிரி. திருத்திப் போட்டால் இரண்டு மூன்று புள்ளி ஏறியது, அவ்வளவுதான். தொண்ணூறு நிமிடம் ஊறவைத்தேன். அலசும் வெந்நீரை மெதுவாக ஊற்றினேன். அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தேன், கறுக்கவில்லை. மாவு எல்லாம் மாறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மீதி எங்கே போனது?

மூன்றாவது முறை சக்கையைப் பையில் கொட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னும் இனிப்பு இருக்கே. பாதி மணி முழுசாக் கெடக்கு பாரு." ஒன்றைப் பல்லால் கடித்து விரலில் எடுத்துக் காட்டினார். நடுவில் வெள்ளை மாவு. "இதுக்குள்ள தண்ணியே போகல."

அக்கா பிள்ளைக்குக் கேழ்வரகு முளைகட்டி அரைத்துக் கொடுத்த கை அது. அயோடின் சோதித்தது வெளியே வந்த திரவத்தைத்தான். மணிக்குள் இருந்ததை அது பார்க்கவே இல்லை. எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

என் கைமில்லின் உருளை இடைவெளி 1.3 மில்லிமீட்டர். அதை 0.9 ஆக்கினேன். ரொம்ப நைசாக அரைத்தாலும் ஆபத்து, உமி கிழிந்துபோகும். உமிதான் வடிகட்டி, அது கிழிந்தால் எல்லாம் களியாகி வடியாமல் நின்றுவிடும். அதனால் அரைப்பதற்குச் சற்று முன் நாலு கிலோவுக்கு 80 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறினேன். உமி கொஞ்சம் தோல் மாதிரி வளைந்துகொடுத்தது. இந்த முறை 24 லிட்டர், 1.038. எழுபத்தாறு.

பணக்கணக்கில் இது ஒன்றுமே இல்லை, மிச்சமாவது ஒரு நாசி லெமாக் காசு. எண்பத்தைந்தைத் துரத்துபவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அந்த ஆசை இல்லை. ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் போதும். இல்லாவிட்டால் என்ன பீர் வரப்போகிறது என்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது.

அம்மாவிடம் எழுபத்தாறு என்று சொன்னேன்.

"அப்போ முன்னவிடப் போதை ஜாஸ்தியா?"

சர்க்கரை கூடினால் ஆல்கஹாலும் கூடும். ஆமாம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. "ஆனா அதே அளவுக்கு மால்ட்டக் கொறச்சுக்கலாம்மா."

"அப்பக் கொற."

அடுத்த முறை 3.2 கிலோதான் நிறுத்தேன். அம்மா தராசை எட்டிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்.