பேர் வெட்டிய பாத்திரங்கள்

பழைய பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால், விலை கேட்பதற்கு முன்னால் அதன் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டுவேன். புள்ளி புள்ளியாக ஏதாவது தட்டுப்படும். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினால் ஒரு பேர். சில சமயம் பேருக்குப் பின்னால் ஊர். கொடுத்துவைத்த பாத்திரமாக இருந்தால் கல்யாணத் தேதியும் இருக்கும். உங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் ஒரு தவலையைத் திருப்பிக்கொண்டிருக்க, நீங்கள் எதிர்க்கடை வாசலில் குத்தவைத்து ஒரு தூக்குவாளியின் மூடியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என்னண்ணே, விலைய விட்டுப்புட்டுப் பேரைப் படிக்கிறீக?" என்று கடைக்காரர் சிரித்தார்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு வாசனை. பழைய தேக்கில் ஊறிய எண்ணெய், களிம்பேறிய பித்தளை, ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த பெட்டகத்துப் புழுக்கம், இதற்கெல்லாம் மேலாக யாரோ கல்லாவில் ஏற்றிவைத்த சாம்பிராணி. வாசலிலேயே கதவு நிலைகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. உள்ளே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. இரண்டு பக்கமும் கூரை முட்ட ஊறுகாய் ஜாடி, அரிக்கேன் விளக்கு, கூஜா, முறுக்கு உரல், பல்லாங்குழி, சாவியில்லாத பூட்டு, பூட்டில்லாத சாவி, கண்ணாடி கீறிய ரவிவர்மா லட்சுமி, யாரோ ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ. போட்டோவை மட்டும் நான் தொடுவதில்லை. மரச்சட்டத்துக்காக அதை வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர்களை உருவிப் போட்டுவிட்டு வேறு படம் வைத்துக்கொள்வார்கள்.

என் பைத்தியம் மங்குச் சாமான்மேல். எனாமல் என்றால் எல்லாருக்கும் புரியும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையில் உருக வைத்து ஏற்றுவது. நீல விளிம்பு போட்ட வெள்ளைத் தட்டு, ரோஜாப்பூ வரைந்த வட்டில், இளம்பச்சையில் அடுக்குக் கேரியர். அடியைத் திருப்பினால் ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று ஊர் பேர். ஸ்வீடன் சாமானில் கொக்கும்ஸ் என்ற முத்திரை அடிக்கடி கண்ணில் படும். சிவகங்கைச் சீமையின் பொட்டல் காட்டில் ஸ்வீடன் தட்டு எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. செட்டிமார் கொண்டுவிக்கப் போன ரங்கூன், பினாங்கு, கொழும்புக் கடைகளில் உலகத்துச் சாமான் அத்தனையும் கிடைத்தது. மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புகிறவர் வெறுங்கையோடு வருவாரா? மரப்பெட்டிகளில் வைக்கோல் திணித்துக் கப்பலேற்றி வந்த சாமான் அது.

எங்கள் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதினார். அதனால் அந்த வீட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புகிற நாளன்று முகப்பைத் தாண்டி வளவு வரைக்கும் போக எனக்கு அனுமதி இருந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஜமுக்காளம் விரித்து, பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானை எல்லாம் வரிசை வரிசையாகப் பரப்புவார்கள். ஒரு பக்கம் வெங்கலம், ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் மங்கு, பனையோலைக் கொட்டான்களுக்குத் தனி வரிசை. வைக்க வைக்க எழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வெங்கலம் கார்வையோடு நீளும். பித்தளை நறுக்கென்று நிற்கும். மங்குத் தட்டை மட்டும் சத்தமே வராமல் வைப்பார்கள். நான் ஒரு குவளையை எட்டித் தொடப் போனேன். "தொடாதப்பா, சில்லுப் பேந்துரும்" என்றார் ஒரு ஆச்சி. அதட்டலாக இல்லை, கெஞ்சலாக. குவளையில் பட்டணத்து மிட்டாய்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஒன்று கொடுத்தார்.

அந்தச் சாமான் பாதி அடுப்புப் பக்கமே போனதில்லை. பரப்பினார்கள், எண்ணிப் பார்த்தார்கள், மறுபடி பெட்டகத்தில் ஏற்றினார்கள். மகள் கல்யாணத்துக்கு இறக்கலாம், பேத்தி கல்யாணத்துக்கு இறக்கலாம். 1942-ல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தபோது கிட்டங்கியைப் போட்டுவிட்டுக் காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் உண்டு. பர்மாவில் மிச்சம் மீதி இருந்த சொத்தும் 1960களின் தேசியமயத்தில் போயிற்று. வீடு நின்றது. நாலு தலைமுறைக்குப் பிறகு ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளி என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சென்னையில். ஓடு மாற்றவே ஒரு வருஷச் சம்பளம் வேண்டும். கடைசியில் பேசி முடித்துப் பிரித்துவிடுகிறார்கள். தூண் ஒரு லாரியில், கதவு ஒரு லாரியில். மங்குச் சாமான் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. லாரிக்காரருக்கு அது தெரியுமோ என்னவோ.

சில்லுப் பேராத மங்குத் தட்டுக்கு அங்கே விலை அதிகம். நான் சில்லுப் பேர்ந்ததைத்தான் தேடுவேன். கறுப்பாக இரும்பு தெரிகிற இடத்தில் ஒரு பிள்ளை அதைக் கீழே போட்டிருக்கிறது, அதற்கு ஒரு அடி விழுந்திருக்கிறது.

பேரம் பேசக் கற்றது காரைக்குடியில் இல்லை. அது மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில். பள்ளிக்கூட லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கூட்டிப்போவார். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிச் செங்கல் சிவப்பில் அந்தக் கட்டடம். மாநகராட்சித் தலைவராயிருந்த ஜார்ஜ் மூர் 1898-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1900-ல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் முதலில் காது அடைக்கும். லவ் பேர்ட்ஸ் கத்தும், கிராமபோன் ரிக்கார்டு கரகரக்கும், நடுவில் "இன்னா சார் வோணும்" என்று நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். பழைய புஸ்தகத்தின் மக்கல் வாசனையும் பறவைக் கூண்டின் வாடையும் ஒன்றாக வரும். பெரியப்பாவுக்கு ஸ்டவ்வுகள்மேல் பித்து. சொன்ன விலையில் கால்வாசி கேட்பார். கடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். பெரியப்பா என் தோளில் கையைப் போட்டு நடக்க ஆரம்பிப்பார். "திரும்பிப் பாக்காதடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். பின்னாலிருந்து குரல் வரும்: "சார், இன்னா சார் நீபாட்டுக்குப் போய்க்கினே கீறே, வா சார், உனுக்காகத் தரேன்." வீட்டுக்கு வந்து பற்றவைத்தால் பாதி ஸ்டவ் எரியாது. பெரியம்மா ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் பார்வையே போதும்.

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. வியாபாரிகளை அல்லிக்குளத்துக்கு மாற்றினார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில் புறப்படுகிறது. அந்தப் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அரக்கோணம் வண்டிக்கு ஓடுகிறவர்கள் அதன் பக்கம் திரும்புவதில்லை. நானும் ஓடிக்கொண்டுதான் இருப்பேன்.

பாத்திரம் என்று பேச்செடுத்துவிட்டு ஈயம் பூசுகிறவரைச் சொல்லாமல் விடமுடியுமா? "ஈயம் பூசலையோ ஈயம்" என்று தெருமுனையில் குரல் கேட்டதும் அப்பத்தா பரணிலிருந்து சருவங்களை இறக்கச் சொல்வார். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறிக் குழம்பு கசந்துவிடும். அதனால் உள்ளே ஈயப் பூச்சு வேண்டும், அது தேயத் தேய மறுபடி பூசவேண்டும். ஈயம் பூசுகிறவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டிக் கரி போட்டுத் துருத்தி வைப்பார். கூட வந்த பையன் அண்டாவுக்குள் மணலைப் போட்டு ஏறி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பிக் காலாலேயே தேய்ப்பான். நாங்கள் சுற்றி நின்று அவனோடு சேர்ந்து ஆடுவோம். பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பி மூக்கைக் குத்தும். ஈயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், இருட்டாய்க் கிடந்த உள்பக்கம் முழுக்க நிலா வெளிச்சம் பரவியதுபோல் ஆகிவிடும். இந்த ஈயம், அதாவது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடுகிற சாது. பித்தளைக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை. அந்த வித்தியாசத்தில்தான் அவர் பிழைப்பு நடந்தது. கூலிக்கு மேல் ஒரு படி அரிசியும் வாங்கிப் போவார். படி இருந்த காலம் அது. லிட்டர் வந்தபிறகும் அப்பத்தா படியைத்தான் நம்பினார்.

அப்பத்தா காலமான வருஷம் வீட்டில் பாகம் பிரித்தார்கள். எவர்சில்வர் ஊரை அடித்துக்கொண்டிருந்த நேரம். தேய்க்க வேண்டாம், புளி வேண்டாம், ஈயம் வேண்டாம், கண்ணாடி போட்டதுபோல இருக்கும் என்று சித்திமார் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். செங்கல் பொடியும் சாம்பலும் தென்னை நாருமாகக் கை தேய்ந்தது அவர்களுக்குத்தானே. பாத்திரக்கடைத் தராசில் சருவம், தவலை, அண்டா, குத்துப்போணி எல்லாம் ஏறின. ஒட்டுக்கு இவ்வளவு, அழுக்குக்கு இவ்வளவு என்று கடைக்காரர் கழித்துக்கொண்டார். பதிலுக்கு மின்னுகிற ஒரு கூடைச் சாமான் வந்தது. ஒவ்வொன்றிலும் யார் பேர் வெட்ட வேண்டும் என்று ஒரு சாயங்காலம் பூராவும் சண்டை.

எடைக்குப் போன பித்தளை உலைக்குத்தான் போகும், முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வராது. கடைக்காரர் எனக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் தவலையைக் கண்டால் விரல் கழுத்துக்குப் போய்விடுகிறது.

புதிதாகத் தேட வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லலாம். தெருவில் எல்லாச் சாமானும் நூறு வருஷத்துக்கு முந்தியது. வெளிநாட்டுக்காரர் வந்தால் மட்டும் வயது தொண்ணூறாகக் குறையும். நூறு வருஷம் தாண்டினால் தொல்பொருள், நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று 1972-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, கடைக்காரருக்கு அது மனப்பாடம். புதுசைப் பழசாக்குகிற வித்தையும் நடக்கிறது. அமிலம் தடவி மண்ணில் புதைத்தால் பச்சைக் களிம்பு வந்துவிடும். அதனால் களிம்பைப் பார்க்காதீர்கள், உள்பக்கத்தைத் தடவுங்கள். அகப்பை வருஷக் கணக்கில் உரசிய இடம் ஒருபக்கமாக வழுவழுவென்று தேய்ந்திருக்கும், விளிம்பு மெலிந்திருக்கும். அந்தத் தேய்மானத்தை எந்த அமிலத்தாலும் கொண்டுவர முடியாது. பாலீஷ் போடக் கொடுத்தால் பேர் வெட்டிய இடத்தில் சக்கரத்தை அழுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காமலே வழித்துவிடுவார்கள்.

இப்போது வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஓட்டல்காரர்களும் சினிமா ஆர்ட் டைரக்டர்களின் ஆட்களும். சருவத்தில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிடுகிறார்கள். அண்டாவின் அடியில் ஓட்டை போட்டுக் குரோட்டன்ஸ் வைக்கிறார்கள். ஒரு பெரிய விடுதி வரவேற்பறையில் மங்குத் தட்டுகளை ஆணியடித்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்ததைப் பார்த்தேன். உலைக்குப் போவதற்கு இது தேவலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆறு பேருக்குச் சோறு போட்ட பாத்திரத்தைப் பூந்தொட்டியாக்குவதை என்னால் பாராட்ட முடியாது.

நீங்கள் அன்றைக்கு வாங்கிய தூக்குவாளி இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை இறக்குங்கள். ஈயம் பூசுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பாத்திரக் கடையில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். பொங்கல் பானையும் சேர்த்துப் பூசுவதானால் மார்கழி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், தை நெருங்கினால் அவர் கையில் பிடிபடமாட்டார்.