எந்தக் கதவும் மூடாத உலகம்

ஆல்டுவின் என்ற கரிய டிராகனைக் கொன்றதோடு ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் மையக் கதை முடிகிறது. விளையாட்டு முடிவதில்லை. பனிமலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தால் காவல்காரர் வழக்கம்போல் நிற்பார். கடைக்காரர் அதே விலைக்கு வாளை விற்பார். உலகத்தைக் காப்பாற்றியவரிடம் ஒரு குகையில் கொள்ளையர் இருக்கிறார்கள், போய் அடித்துவிட்டு வாருங்கள் என்று ஒருவர் வேலை சொல்வார். அடித்துவிட்டு வந்தால் வேறொரு குகை இருக்கும்.

2011 நவம்பர் 11 அன்று வெளியான விளையாட்டு இது. 6 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருப்பதாக அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023இல் சொன்னார். கடலூரில் என் கணினிக்கு அது வந்துசேர்ந்தபோது தானே புயலில் சாய்ந்த மின்கம்பங்களை நட்டு முடித்திருந்தார்கள். 2012இன் நீண்ட மின்வெட்டுக் காலம் தொடங்கியிருந்தது. மின்சாரம் இருந்த நேரமெல்லாம் நான் ஸ்கைரிமில்தான் இருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த எந்த மலைக்கும் நடந்தே போகலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்ற சுதந்திரம் அதற்குமுன் நான் அறியாதது. பிறகு அந்த ஆசை வற்றியது. திறப்பேன், கொஞ்ச நேரம் அலைவேன், மூடிவிடுவேன். இவ்வளவு பெரிய உலகம் ஏன் இப்படி அலுத்துப்போயிற்று என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம், கணினி தானாக உருவாக்கித் தரும் வேலைகள்மேல் விழுந்தது. ‘ரேடியன்ட்’ என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் பெயர் வைத்த அந்த ஏற்பாடு இடத்தையும் ஆளையும் மாற்றிமாற்றிப் போட்டு, வேலைகளை ஓயாமல் தந்துகொண்டே இருக்கும். ஆனால் ஸ்கைரிம் சேர்ந்த அதே விளையாட்டு வரிசையில் 1996இல் வந்த ‘டாகர்ஃபால்’ விளையாட்டிலும் கணினி உருவாக்கும் வேலைகள் உண்டு. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் கெடு இருந்தது. கெடு தவறினால் பெயர் கெடும். மையக் கதையைக்கூட மீட்க முடியாதபடி இழந்துவிடலாம். ஆக, ஓயாத வேலையை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அடுத்த சந்தேகம் வயது. வேலை, குடும்பம் என்று வந்தபின் கற்பனை உலகத்தில் மனம் ஒட்டாது என்றார்கள் நண்பர்கள். அதை நம்ப விடாமல் செய்தது எங்கள் மாவட்டமே. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி ஒரு தேநீர்க்கடைச் சுவரில் திரௌபதி அம்மன் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எந்த இரவு எந்தக் கூத்து என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள்: பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். பகலில் பாரதப் பிரசங்கம். கடைசியில் படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம். ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள் இரவெல்லாம் தரையில் அமர்ந்து ஒரு கற்பனை உலகத்துக்குள் இருக்கும் நாடு இது. அவர்களுக்கு அலுக்காதது எனக்கு ஏன் அலுத்தது?

அண்ணாமலைநகரில் புத்தகங்களோடு உட்கார்ந்து அந்த வழியில் பின்னோக்கிப் போனேன். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்த கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு ஒதுக்குகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி, கடலூர்ப் பக்கத்தையும் உள்ளடக்கிய திருமுனைப்பாடி நாட்டில் பிறந்த வில்லிபுத்தூரார் தமிழில் பாரதம் பாடினார். வடமொழியின் பதினெட்டுப் பருவங்களில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, போர் முடிவதோடு அவர் நிறுத்திக்கொண்டார். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட நூலும், ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் தெருக்கூத்தைப் பற்றி வெளியிட்ட நூலும் இந்த வட தமிழ்நாட்டு மண்ணைச் சுற்றித்தான் நகர்கின்றன. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியை இந்த வழிபாட்டின் ஆதி இடமாக மக்கள் மதிக்கிறார்கள்.

படித்ததைப் பார்த்துவிட வேண்டும் என்று சிதம்பரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் திருவிழாவுக்குப் போனேன். அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டியவர் நட்டுவைத்த உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறினார். உச்சியிலிருந்து அவர் போட்ட எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பெண்கள் முந்தானையை ஏந்தி நின்றார்கள். பதினெட்டாம் போர் விடிய விடிய நடந்தது. விடிந்தபின் ஆட்டம் மேடையைவிட்டு வெளியே வந்தது. திடலில் மல்லாந்து கிடந்தான் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன். இரவு ஆடிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச்சுற்றி ஓடினார்கள். தொடை பிளந்ததும் உள்ளே வைத்திருந்த செந்நீர் பீறிட்டது. சபதம் நிறைவேறி, திரௌபதியின் கூந்தல் முடிக்கப்பட்டது. அந்த நேரத்தில் எங்களுக்கு அந்தத் திடல் குருக்ஷேத்திரமாகவே இருந்தது.

கூத்து வாத்தியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இத்தனை வருஷமா ஆடுறீங்களே ஐயா, முடிவு எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே?”

“தெரிஞ்சதாலதான் தம்பி உட்கார்றாங்க. துரியோதனன் விழணும்னு முத நாள்லேர்ந்தே காத்துக்கிட்டு இருக்காங்க. விழலைன்னா எழுந்து வீட்டுக்கு எப்படிப் போவாங்க?”

“துரியோதனன் வேடம் கட்டுறவருக்கு, பீமனா ஆடணும்னு தோணாதா?”

“தோணலாம். ஆனா கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியாச்சுன்னா விடியிற வரைக்கும் அவன் துரியோதனன்தான். திட்டு வாங்கணும், அடி வாங்கணும், விழணும். எல்லாத்தையும் ஒருத்தனே ஆடுனா பாக்க யாரு இருப்பா?”

அந்த பதிலோடு ஸ்கைரிமுக்குத் திரும்பியபோது, தேடியது கிடைத்தது. அந்த விளையாட்டில் ஒருவரே மாவீரர் சங்கத்தின் தலைவர், திருடர் கூட்டத்தின் தலைவர், கொலைகாரர் குழுவின் தலைவர். விரல்விட்டு எண்ணக்கூடிய மந்திரங்கள் தெரிந்தால்கூட மாயக் கல்லூரியின் தலைமைப் பதவிக்கு வந்துவிடலாம். உள்நாட்டுப் போரில் ஒரு பக்கத்தைத்தான் எடுக்க முடியும் என்பது நீங்கலாக, ஒன்றைத் தேர்ந்ததால் இன்னொன்று கைவிட்டுப் போவது அரிது. கதைக்குத் தேவையானவர்களை வெட்டினாலும் சாக மாட்டார்கள். மண்டியிட்டு, சற்றுப் பொறுத்து எழுந்துகொள்வார்கள்.

இதே வரிசையில் 2002இல் வந்த ‘மோரோவிண்ட்’ அப்படிச் செய்யவில்லை. அங்கே மூன்று பெருங்குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் மூடிவிடும். தகுதி இல்லாமல் பதவி கிடைக்காது. முக்கியமான ஆளைக் கொன்றால், விதியின் இழை அறுந்தது என்று எச்சரித்துவிட்டு, அறுந்த உலகத்திலேயே தொடர்ந்து வாழவும் அது அனுமதிக்கும். விளையாடுபவர் எதையும் இழந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் பின்னால் வந்தவர்கள் அந்தக் கதவுகளைத் திறந்துபோட்டார்கள். என் ஆர்வம் அந்தத் திறந்த கதவுகள் வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. திரை கிடையாது. ஒருவர் கதை நடத்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஏற்ற பாத்திரம் செத்துப்போகலாம். அந்த மரபை நேரடியாக எடுத்துக்கொண்டு 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’, தேர்வுகளுக்கு விலை வைத்தது, கதைக்கு முடிவுகள் வைத்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதையும் வென்றது. வேடத்தின் கட்டுப்பாட்டை விளையாடுபவர்கள் வெறுக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கற்பனை உலகத்துக்குள் போகும் ஆசை வயதாவதால் தீர்வதில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நான் செய்தது அங்கே எதையாவது மாற்ற வேண்டும். நான் தேர்ந்தது எதையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் கதை என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஒரே பாரதத்தை ஆண்டுதோறும் கேட்கலாம்.

இந்த வரிசையின் ஆறாவது விளையாட்டை 2018இல் அறிவித்தார்கள். அது வரும்போது அந்த உலகம் எத்தனை சதுர கிலோமீட்டர் என்று நான் கேட்கப்போவதில்லை. அதில் எந்தக் கதவுகள் மூடும், துரியோதனன் எங்கே விழுவான் என்றுதான் கேட்பேன்.